சட்ட ஆலோசனை: முகநூல் பதிவுக்காக விளக்கமறியலில் தம்பி, இனி என்ன வழி?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு வயது 21. உயர்தரம் முடித்துவிட்டு டவுனில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறார். தோட்டத்துக் கோவிலை ஒட்டிய வெற்றுக் காணியில் ஒரு நாள் காலையில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதையொட்டித் தோட்ட மக்களுக்கும் அடுத்த கிராமத்தவருக்கும் வாய்த்தகராறு மூண்டது. அன்றிரவு தம்பி அந்தச் சிலையின் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, "அடுத்த காணி எது?" என்று எழுதி முகநூலில் போட்டார். கீழே ஒரு நண்பர், "இத ஒடைக்கணும்டா" என்று எழுத, தம்பி அதற்கு ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டார். மறுநாள் மதியம் கடை முதலாளி கண்டித்ததும் பதிவை நீக்கிவிட்டார். அதற்குள் ஸ்கிரீன் ஷொட் விகாரை வரை போய்விட்டது. மாலையில் பொலிஸார் கடைக்கே வந்து அவரை அழைத்துச் சென்றார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்கினார்கள். தம்பி சிங்களம் நன்றாகப் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரியாது. நீதவான் முன் நிறுத்தப்பட்டபோது, இந்தச் சட்டத்தின் கீழ் தமக்குப் பிணை வழங்க அதிகாரமில்லை என்று கூறி அவர் விளக்கமறியலில் வைத்தார். இரண்டாம் தவணையிலும் விளக்கமறியல் நீடிக்கப்பட்டது.

"நீதவானே பிணை தர மாட்டேன் என்றால் பத்து வருடம் உறுதிதானே? தூக்குத் தண்டனை கூடக் கிடைக்கலாம் என்று லயத்தில் பேசுகிறார்கள். தோட்டத் தலைவர், விகாரை ஹாமதுருவின் (பிக்குவின்) காலில் விழுந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவார் என்கிறார். டவுனில் ஒருவர் இரண்டு இலட்சம் கொடுத்தால் ஆளை வெளியே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நண்பர்கள் முகநூல் கணக்கையே அழித்துவிடச் சொல்கிறார்கள். தோட்ட முகாமையாளரான துரை அப்பாவைக் கூப்பிட்டு, 'உன் குடும்பத்தால் தோட்டத்துக்குப் பிரச்சினை' என்று சொன்னதிலிருந்து லயன் அறையும் போய்விடுமோ என்று அம்மா அழுதுகொண்டிருக்கிறார்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாள்கணக்கு சம்பந்தப்பட்ட ஒரு விடயம் இருந்ததால், இதழ் வரும்வரை காத்திராமல் அதைத் தொலைபேசியில் முன்னரே சொல்லிவிட்டேன். மற்றவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும்.

முதலில் தூக்குத் தண்டனைப் பேச்சை விட்டுவிடுங்கள். அது பாகிஸ்தான் சட்டத்தைப் பற்றிய செய்திகளிலிருந்து வந்த பயம். அந்நாட்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் 1986 இல் சேர்க்கப்பட்ட 295 சி பிரிவுதான் நபிகள் நாயகத்தை நிந்திப்பதற்கு மரணதண்டனை விதிக்க இடமளிக்கிறது. சியால்கோட் தொழிற்சாலையில் முகாமையாளராக இருந்த நம் நாட்டவர் பிரியந்த குமாரவை 2021 டிசம்பர் 3 ஆம் திகதி கும்பல் ஒன்று அடித்துக் கொன்று எரித்த காணொளிகள் இன்னும் நம் தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருப்பதால், லயத்தில் அப்படிப் பேசுவதில் வியப்பில்லை. இலங்கையில் மதநிந்தனை என்ற பெயரில் தனிச் சட்டம் கிடையாது. பிரித்தானியர் காலத்து 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் சமய உணர்வைப் புண்படுத்துவது பற்றிய சில பிரிவுகள் இருக்கின்றன. திட்டமிட்டுப் புண்படுத்தும் வார்த்தைகளுக்கு 291ஏ பிரிவின் கீழ் ஒரு வருடம் வரையிலும், ஒரு சாராரின் சமயத்தைத் தீய எண்ணத்தோடு அவமதிப்பதற்கு 291பீ பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம்.

அப்படியானால் பத்து வருடம் எங்கிருந்து வந்தது? 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்திலிருந்து வந்தது. அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். பொலிஸாரும் நாங்களும் ஐ.சீ.சீ.பீ.ஆர். என்றே சொல்வோம். மனித உரிமைகளைக் காப்பதற்கென்று கொண்டுவரப்பட்ட சட்டத்தின் 3 ஆவது பிரிவுதான் எழுத்தாளரையும் நகைச்சுவைக் கலைஞரையும் கடை வேலை செய்யும் இளைஞரையும் உள்ளே வைப்பதற்குப் பயன்படுகிறது என்பதை ஒவ்வொரு முறை பீ அறிக்கையில் (பொலிஸார் நீதவானிடம் சமர்ப்பிக்கும் அறிக்கையில்) காணும்போதும் எனக்குக் கசக்கிறது.

பிணை மறுப்பின் பொருள் என்ன?

அந்த 3 ஆவது பிரிவின்படி, விதிவிலக்கான சூழ்நிலைகள் இருப்பதாகக் காட்டினால் மேல் நீதிமன்றம் மாத்திரமே பிணை வழங்கலாம். ஆகவே நீதவான் உங்கள் தம்பியைக் குற்றவாளியாகக் கண்டு மறுக்கவில்லை. அந்தப் பிரிவு பீ அறிக்கையில் எழுதப்பட்டவுடனேயே அவருடைய கை கட்டப்பட்டுவிடுகிறது. விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. சட்டமா அதிபர் பொலிஸாரின் விசாரணைக் கோவையைப் பார்த்து மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால்தான் வழக்கு என்று ஒன்று இருக்கும். பல கோவைகள் அந்த இடம் வரை போவதே இல்லை.

நான் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் 1 இல் கைதானார். நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே இருந்த பிறகு, ஓகஸ்டில் குருநாகல் மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2021 பெப்ரவரியில், வழக்குத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் முடிவெடுத்ததால் விடுவிக்கப்பட்டார். மேடை நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய 2023 மே மாத இறுதியில் விமான நிலையத்தில் கைதாகி, ஜூலை 5 இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தால் பிணையில் விடப்பட்டார். அவருடைய பேச்சு எவரையும் வன்முறைக்கோ பகைமைக்கோ தூண்டியதாகக் காட்டப்படவில்லை என்பது அந்த உத்தரவின் அடிப்படைகளில் ஒன்று. இவர்கள் கொழும்பில் பெயர் தெரிந்தவர்கள், நமக்கு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மலையிலும் உதாரணங்கள் உண்டு. கண்டி மாவட்டம் ஹசலகையில் ஒரு சாதாரணக் குடும்பப் பெண், உடையில் கப்பல் சுக்கான் படம் அச்சிடப்பட்டிருந்ததைத் தர்மச்சக்கரம் என்று பொலிஸார் தவறாகக் கொண்டதால் 2019 மே மாதத்தில் கைதாகி இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். கட்டுகஸ்தோட்டையில் வசித்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராசிக், முகநூல் பதிவொன்றுக்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்கள் இருந்தார். 2023 நவம்பரில் நாட்டின் உச்ச மன்றான உயர் நீதிமன்றம் இவ்விருவரின் அடிப்படை உரிமைகளும் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ராசிக்குக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்குக் கட்டளையிட்டது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இவர்கள் அனைவருக்கும் சட்டம் கைகொடுத்தது, ஆனால் அதற்கு முன் இவர்கள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ உள்ளே இருந்தவர்கள். ஆகவே, வழக்கு நிற்காது, தானாக வெளியே வந்துவிடுவார் என்று எவராவது சொன்னால் நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அவமதிப்பா, தூண்டுதலா?

கடிதம் முழுவதிலும் நீங்கள், "தம்பி செய்தது பிழைதான், சாமியைக் கேலி செய்தது பாவம்தான்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் அப்படிச் சொல்வதை நான் மதிக்கிறேன். ஒருவர் வணங்கும் உருவத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவது அவரை நோகடிக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நம் மாரியம்மனுக்கு எவராவது அப்படிச் செய்தால் தோட்டமே கொதித்திருக்கும். ஆனால் 2007 ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. இன, மத வெறுப்பைப் பரிந்துரைத்து, அதன் வழியாகப் பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ மற்றவர்களைத் தூண்டினாரா என்பதே அந்தக் கேள்வி. மனம் புண்பட்டது என்பது மட்டும் அதற்குப் போதாது.

தூண்டுதலா என்பதை அளக்க, ஐக்கிய நாடுகள் சபையின் முன்முயற்சியில் 2012 இல் மொரோக்கோவின் ரபாட் நகரில் வகுக்கப்பட்ட செயற்திட்டம் ஆறு அளவுகோல்களைத் தருகிறது. அன்றைய சூழ்நிலை, சொன்னவரின் செல்வாக்கு, அவருடைய நோக்கம், சொன்னதின் உள்ளடக்கமும் வடிவமும், அது எத்தனை பேரை எட்டியது, தீங்கு நேரக்கூடிய சாத்தியம் ஆகியவையே அவை. தம்பியின் பதிவை இவற்றில் வைத்துப் பார்த்தால், ஐந்தில் அவர் பக்கம் பலமாக இருக்கிறது. 21 வயதுக் கடைப் பையனுக்குப் பின்னால் படை திரளப்போவதில்லை. "அடுத்த காணி எது?" என்பது காணியைப் பற்றிய கேள்வி, பௌத்தர்களைத் தாக்கச் சொல்லும் அழைப்பு அதில் இல்லை. ஒரு நாள் கூட முடிவதற்குள் பதிவு நீக்கப்பட்டிருக்கிறது. எவருக்கும் அடி விழவில்லை. பௌத்த, முஸ்லிம் தரப்புகளுக்கிடையில் சர்ச்சைக்குரிய தலமான கூரகல பற்றி 2016 இல் ஊடகச் சந்திப்பில் பேசிய பேச்சுக்காகப் பொதுபல சேனா அமைப்பின் கலகொட அத்தே ஞானசார தேரருக்கு 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் நான்கு வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. நாடறிந்த ஒருவர் ஊடகங்களுக்கு முன்னால் பேசியதையும் உங்கள் தம்பியின் பதிவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை உங்கள் சட்டத்தரணி எடுத்துச் சொல்லலாம்.

பலவீனமான இடம் மிஞ்சிய ஒன்று, அதாவது அன்றைய சூழ்நிலை. சிலை வைத்த நாளிலேயே இரு தரப்பும் முகத்துக்கு முகம் நின்று சண்டை பிடித்திருக்கிறது, அந்த இரவில்தான் பதிவு வந்திருக்கிறது. அதற்குக் கீழே நண்பர் எழுதிய ஒரு வரிக்குத் தம்பி போட்ட சிரிப்பு முகத்தைத்தான் பொலிஸ் தரப்பு முன்னால் வைக்கும். உடைக்கச் சொன்னது அவர் அல்லர். அடுத்தவர் எழுதியதற்குச் சிரித்தது தூண்டுதலாகாது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆனாலும் சட்டத்தரணியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு மன்றில் படிக்கும்போது அவர் முதன்முறையாகக் கேட்கும் நிலை வரக் கூடாது. அந்த நண்பரோடு பேசி, இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். சாட்சியைக் கெடுத்ததாகப் புதிய பிரச்சினை வரும்.

கணக்கை அழிக்கச் சொல்லும் நண்பர்களின் யோசனையும் அந்த வகைதான். தடயத்தை அழித்ததாகச் சொல்ல இடம் கொடுக்கும், தம்பிக்குச் சாதகமானதையும் சேர்த்து அழிக்கும். கடந்த வெசாக்கில் டவுன் தன்சலில் (இலவச உணவு, பானப் பந்தலில்) நின்று அவர் பானம் ஊற்றிக் கொடுத்த படம் அதே கணக்கில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பௌத்தர்கள் மீது வெறுப்புள்ளவர் என்ற குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல பதிலை நான் எழுதித் தர முடியாது. அந்தப் படத்தையும் அதன் திகதியையும், கீழே சிங்கள நண்பர்கள் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பிரதி எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

மன்னிப்புக் கடிதம் வேண்டுமா?

தோட்டத் தலைவரின் நல்லெண்ணத்தைக் குறை சொல்லவில்லை. தோட்டத்துத் தகராறுகள் பலவும் அப்படிப் பேசித்தான் தீர்கின்றன. ஆனால் இந்தக் குற்றச்சாட்டில் விகாராதிபதி முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாலும் வழக்கு முடியாது. தொடர்வதா விடுவதா என்பது சட்டமா அதிபரின் கையில் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதத்தில், "மதத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு செய்தேன், மன்னியுங்கள்" என்று ஒரு வரி வந்துவிட்டால் (அந்த வரியை எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்), நாம் மறுக்க வேண்டிய நோக்கத்தை நாமே கையொப்பமிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அப்பாவும் இரண்டு பெரியவர்களும் விகாரைக்குப் போய், பையன் செய்தது உங்களை நோகடித்திருக்கும், அதற்காக வருந்துகிறோம் என்று வாயால் சொல்வதை நான் தடுக்க மாட்டேன். அது மனிதர்களுக்கிடையில் நடக்க வேண்டியது, கிராமத்தில் சூடு தணியவும் உதவும். போவதற்கு முன் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தமக்கு மனத்தாங்கல் இல்லை என்று விகாராதிபதி தாமாக ஒரு கடிதம் தந்தால் அது பிணை விண்ணப்பத்துக்கு மிகவும் பயன்படும். ஒரு விடயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். சிலை இருக்கும் காணியைப் பற்றி அங்கே எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பையனை விடுகிறோம், காணியை விடுங்கள் என்று பேரம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காணி தோட்டம் முழுவதற்கும் உரிய பிரச்சினை. அதைப் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொண்டுபோவது கோவில் நிர்வாகத்தின் வேலை. உங்கள் குடும்பம் தனியாகச் சுமக்க வேண்டியதன்று.

இரண்டு இலட்சம் கேட்பவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலஞ்சம் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம், பணமும் திரும்பி வராது.

நாள்கணக்கு

இதைத்தான் தொலைபேசியில் அவசரமாகச் சொன்னேன். கைதும் தடுத்துவைப்பும் அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கு, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை ஒரு மாதம் மாத்திரமே தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. உண்மையாகவே விசாரணை நடப்பதைக் காட்டும் ஆவணங்களை உயர் நீதிமன்றம் பின்னர் எதிர்பார்க்கிறது. ஆகையால் முறைப்பாட்டு இலக்கத்தையும் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். மேல் நீதிமன்றப் பிணை விண்ணப்பம் வேறு, இந்த மனு வேறு. ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாக்குமூலம் பற்றிய உங்கள் கவலைக்கு ஒரு பதில் உண்டு. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு சொல்கிறது. தம்பிக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்கியதை அடுத்த தவணையிலேயே சட்டத்தரணி நீதவானிடம் சொல்லிப் பதிவுசெய்விக்க வேண்டும். மன்றில் நடப்பதைத் தமிழில் விளங்கிக்கொள்ள உரைபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தந்த உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அதே தவணையில் இன்னொன்றையும் முயலலாம். பீ அறிக்கையில் சொல்லப்பட்ட சம்பவம் தூண்டுதல் என்ற குற்றத்தைக் காட்டவே இல்லை, அதிகபட்சம் தண்டனைச் சட்டக் கோவைப் பிரிவுகளுக்குள்தான் வரும் என்று வாதிடலாம். அது எடுபட்டால் நீதவானே பிணையைப் பரிசீலிக்க முடியும். எல்லா நீதவான்களும் இதை ஏற்பதில்லை. ஆனாலும் மேல் நீதிமன்றத்துக்குப் போகும்போது, கீழே இதைச் சொல்லியிருந்தோம் என்பது பதிவில் இருக்கும்.

நுவரெலியா மேல் நீதிமன்றத்துக்கான விண்ணப்பத்துக்கு, பீ அறிக்கைகளினதும் வழக்கேட்டுக் குறிப்புகளினதும் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகள் வேண்டும். தம்பியின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கடை முதலாளியின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றுக் கடிதங்கள், அம்மாவின் கிளினிக் அட்டை ஆகியவற்றையும் சேருங்கள். பிணையாளிகளை இப்போதே தேடத் தொடங்குங்கள். லயன் முகவரிக்குக் காணிப் பத்திரம் இல்லாததால் நம் மக்கள் பிணை கிடைத்த பிறகும் பிணையாளி இல்லாமல் உள்ளே இருந்ததைக் கண்டிருக்கிறேன். உறவில் ஓர் ஆசிரியரோ அரச ஊழியரோ இருந்தால் அவரிடம் முன்னரே பேசி வையுங்கள். அப்பாவின் சம்பளத் துண்டுகளையும் எடுத்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த முடியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குச் செல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வாதாடுவது அவர்களின் கடமை.

லயன் அறை விடயத்தில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். அப்பாவின் வேலைக்கும் தம்பியின் வழக்குக்கும் சம்பந்தமில்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் துரையால் உங்களை வெளியேற்ற முடியாது. அவர் வாயால் சொன்னதற்கு நீங்களும் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எழுத்தில் ஏதாவது தந்தால் கையொப்பமிடாமல் வாங்கித் தொழிற்சங்கக் காரியாலயத்தில் காட்டுங்கள்.

தம்பியைப் பார்க்கப் போகும்போது இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். உள்ளே கூட இருப்பவர்களிடம் வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். எவர் எந்தக் கடதாசியைக் கொண்டுவந்தாலும் சட்டத்தரணி பார்க்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். தீர்ப்பளிக்கப்படாத கைதி என்பதால் சொந்த உடை அணியவும் வீட்டிலிருந்து சாப்பாடு பெறவும் சட்டம் இடமளிக்கிறது. நடைமுறை சிறைக்குச் சிறை வேறுபடுவதால், சோறு கட்டிக்கொண்டு போவதற்கு முன் எந்த நாளில் எதை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிணை கிடைத்தால் ஞாயிறுதோறும் பொலிஸில் கையொப்பமிடுவது, கடவுச்சீட்டை ஒப்படைப்பது போன்ற நிபந்தனைகள் வரலாம். அவருடைய கைத்தொலைபேசி வழக்குப் பொருளாக நீதிமன்றத்தில் இருக்கும், உடனே திரும்பக் கிடைக்காது. வெளியே வந்த சந்தோஷத்தில் புதிய சிம் வாங்கி வேறு பெயரில் கணக்குத் திறந்து நன்றிப் பதிவு போடுவது இளைஞர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம். பிணை உத்தரவைச் சட்டத்தரணி வரி வரியாக வாசித்துச் சொல்லும் வரை அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.